சத்தம் மாற்றிய கார்

பதினோரு வயதில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்டார்ட் செய்யத் தெரியும். எங்கள் தெருவில் அப்போது கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அதை ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர்கள் அப்பாவும் அவர் மகளான நானும் மட்டும்தான். இந்த இரண்டு பெருமையும் சேர்ந்து என் தலைக்குள் என்ன வேலை செய்தன என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமும் இல்லை.

அது வெள்ளை அம்பாசடர். வெள்ளை என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பழைய வேட்டியின் நிறம். மிகப் பழைய வண்டி என்பதால் கியர் தரையில் இருக்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே இடது கைப்பக்கம் ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன்சீட்டு நடுவில் தடையில்லாமல் ஒரே பெஞ்சாக இருந்தது. ஓட்டுகிறவரோடு இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். நடு இடம் என்னுடையது என்று நானே பட்டா போட்டுக்கொண்டிருந்தேன். கியர்க் கம்பியை ஆட்டிப் பார்த்து நியூட்ரலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும், சோக்கை இழுக்க வேண்டும், சாவியைத் திருப்பிவிட்டு ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். காலையில் அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் எஞ்சினைச் சூடேற்றி வைப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாத நாள் கிடையாது.

அப்பா வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக இருந்தார். குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே எங்கள் ஊர். சுற்றுப்பட்டு கிராமங்களில் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது, குருத்து அழுகியது என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு நாள் கார் வாங்கப் போவதாகச் சொன்னார். எந்தக் கார் என்று கேட்ட அம்மா, பதிலைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அது மிராசுதார் வீட்டுக் கார். அந்தக் குடும்பம் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. கார் மட்டும் அவர்கள் நெல் கொட்டகையில், டயர் மக்கி, உள்ளே கோழி முட்டையிட்டுக் கிடந்தது.

"ஊர் உலகத்துல வேற காரே இல்லையா?" என்றாள் அம்மா.

"அண்ணன் பதினெட்டு வருஷம் கழுவித் தொடச்ச வண்டி. ஒரு நாளாவது அவரு அதுல உக்காந்து போவணும்" என்றார் அப்பா. அம்மா கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் என்றால் என் பெரியப்பா. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாத்தா செத்துப்போனபோது பெரியப்பா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மிராசுதார் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கூலியில்தான் அப்பா படித்தார், கல்லூரிக்குப் போனார், அரசாங்க உத்தியோகத்துக்கும் போனார். பிறகு அப்பா சம்பாதித்து வாங்கிய மூன்று மா நிலத்தில் பெரியப்பாவே சொந்தமாக விவசாயம் பார்த்தார். இரண்டு வீடும் அடுத்தடுத்து இருந்தன. பெரியப்பாவின் மகளான அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பெண்ணைப் பெற்றவராகப் பெரியப்பா அந்தக் காரின் முன்சீட்டில் போய் இறங்க வேண்டும். அப்பாவின் ஆசை அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் இரண்டு மாதம் கிடந்து உயிர் பெற்ற வண்டியை அப்பா முதல்முதலாக ஓட்டிக்கொண்டு வந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளைக்கு நாற்று பறிக்க யார் யார் வருகிறார்கள் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வண்டி வாய்க்கால் திருப்பத்தில்தான் இருந்தது, எங்கள் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. கனமான, அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம். பெரியப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போனது. தெருவோரமாகப் போய், முதுகை லேசாக வளைத்துக்கொண்டு நின்றார். கார் வந்து நின்று, அதிலிருந்து அப்பா இறங்கிய பிறகுதான் பெரியப்பா சிரித்தார்.

"அட, நீயாடா தம்பி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

போகப்போகப் பழகிவிடும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பழகவில்லை. தினமும் காலையில் நான் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால், அடுத்த வாசலில் பெரியப்பா எழுந்து நிற்பார். துண்டு தோளிலிருந்து இறங்கும். பிறகு தனக்குத்தானே வெட்கப்பட்டுக்கொண்டு, தொழுவத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விடுவார். காரில் ஏறச் சொல்லி அப்பா கூப்பிட்டால், "இருக்கட்டும்டா, நாலு எட்டு நடந்தா கால் நல்லாருக்கும்" என்பார். வண்டி அணைந்து கிடக்கும்போது அவருக்கு அதனிடம் எந்தப் பயமும் இல்லை. அதை அவர்தான் கழுவுவார். மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டுச் சேற்றை வழித்துப் போடுவார். சத்தம் கேட்டால்தான் அவருக்கு என்னவோ ஆகும்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்படி எழுதும்போது விரல் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். சிலருக்குக் கரப்பான்பூச்சியைக் கண்டால் துள்ளுவது போல, பெரியப்பாவுக்கு இது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, திருவையாற்றிலிருந்து என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். காரைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தார்கள். அவர்கள் வீடுகளிலும் கார் இருந்தது, எங்களுடையதைவிடப் புதிது. கதவு துருப்பிடித்திருப்பதை ஒருத்தி விரலால் சுரண்டிக் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டுக் காரில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது என்றேன்.

"இங்க உக்காந்த இடத்துலேருந்தே எங்க பெரியப்பாவ எந்திரிக்க வைக்கிறேன், பாக்குறீங்களா?"

பெரியப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தேன். அவர் எழுந்தார். தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எஞ்சினை அணைத்தேன். அவர் காருக்குள் என்னைப் பார்த்துவிட்டு, "நீதானா ஆயி" என்று செல்லமாகக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார். மறுபடி இழுத்தேன். மறுபடி எழுந்தார். என்னைத் தெரிந்த பிறகும், நான்தான் விளையாடுகிறேன் என்று தெரிந்த பிறகும் எழுந்தார். மூன்றாவது தடவை நாற்காலி சாய்ந்து விழுந்தது, டீ வேட்டியில் கொட்டியது. தோழிகளில் ஒருத்தி கைதட்டினாள்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்து சாவியை எடுத்தது. அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை, எவ்வளவு பார்த்தார் என்றும் தெரியவில்லை. பெரியப்பாவிடம் போய், நாற்காலியை நிமிர்த்தி அவரை உட்காரவைத்து, தன் கைக்குட்டையால் வேட்டியைத் துடைத்துவிட்டார். பெரியப்பா, "விடுடா, சூடு இல்ல, ஆறிப்போன டீதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடித்திருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும். அடிக்காததால், பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். வாயும் கையும் ஒரே நேரத்தில் ஓடும் ஆள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தோளில் கோணிப்பையால் சுற்றிய பெரிய மூட்டை ஒன்று. பிரித்தால் நான்கு இரும்புக் குழாய்கள், தனித்தனியாகக் கிளம்பி வளைந்து நெளிந்து கடைசியில் ஒரே குழாயாகச் சேருகின்றன. அதற்குப் பெயர் ஹெட்டர் என்றார் மாமா. எஞ்சினில் ஏற்கெனவே இருக்கும் கனத்த வார்ப்பு இரும்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், புகை தடையில்லாமல் வெளியேறும், வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்றார்.

அப்பாவுக்கு வண்டி பிய்த்துக்கொண்டு போவதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"சத்தம் மாறிடும்ல?"

"அடையாளமே தெரியாது மச்சான். அதான் இதுல இருக்குற ஒரே தொந்தரவு."

"அது போதும்" என்றார் அப்பா.

சிக்கனத்துக்குப் பேர்போன அப்பா இப்படி ஒரு சாமானை வரவழைத்ததில் அம்மாவுக்கே ஆச்சரியம். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ரேஸ் கார்! திங்கட்கிழமை வகுப்பில் யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூவரச மரத்தடியில் காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. பழைய இரும்பைப் பிடித்திருந்த நட்டுகள் துருவேறி எஞ்சினோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, ஸ்பேனரைத் தட்டித் தட்டி, கடைசி நட்டு கழன்றபோது பதினோரு மணி. மாமாவின் புறங்கை முழுக்கச் சிராய்ப்பு. பிறகு ஹெட்டரை மேலிருந்து இறக்கிப் பார்த்தார், கீழிருந்து ஏற்றிப் பார்த்தார். ஒருவழியாக எஞ்சினோடு பொருந்தியது. புது பேக்கிங் வைத்து முறுக்கியாயிற்று. மாமா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறி, கியரைப் போட்டுப் பார்த்தார். ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, மூன்றும் நான்கும் விழுந்தன. ரிவர்ஸ் விழவில்லை.

மறுபடி அடியில் படுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. அந்தக் குழாய், கியர் தரையில் இருக்கும் வண்டிக்காக வளைத்தது. எங்கள் வண்டியிலோ ஸ்டியரிங் தண்டின் அடியிலிருந்து கியர் பெட்டிக்கு இரண்டு நீளக் கம்பிகள் போகின்றன. அதில் ஒன்று நகரும் வழியில் நான்காவது குழாய் குறுக்கே நின்றது.

"ரிவர்ஸ் இல்லாம ஓட்டிக்கலாமா மச்சான்? முன்னாடியேதான போவப்போறீங்க?" என்றார் மாமா. அப்பா முறைத்தார். அப்படியென்றால் குழாயைத் தட்டி நசுக்க வேண்டியதுதான் என்று மாமா சுத்தியலை எடுத்தார்.

"குழாயத் தட்டாத. கம்பிய வளை."

சொன்னது பெரியப்பா. அதுவரை மரத்தடியில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். கண்ணை மூடிக்கொண்டே ஒரு கம்பியைப் பிடித்து, ஓர் இடத்தில் விரலால் தட்டினார். மிராசுதாரின் டிரைவர் ஒரு மழைநாளில் வண்டியை வாய்க்காலுக்குள் விட்டபோது அந்தக் கம்பி மடங்கிப்போனதாம். இழுத்துக் கரையேற்றி, கழற்றி, சூடு காட்டி நிமிர்த்தியவர்களில் அவரும் ஒருவராம். அந்த இடத்தில் இரும்பு இளகியிருக்கும், மறுபடி சூடு காட்டினால் கேட்கும் என்றார். மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். பக்கத்து டிராக்டர் பட்டறையிலிருந்து வெல்டிங் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பெரியப்பா காட்டிய இடத்தில் கம்பியைப் பழுக்கவைத்து, குழாயைச் சுற்றிக்கொண்டு போகும்படி வளைத்தார்கள். ரிவர்ஸ் விழுந்தது.

"எதுக்குடா தம்பி இந்தக் குழாயி?" என்று கேட்டார் பெரியப்பா, கையிலிருந்த கரியை மண்ணில் தேய்த்துக்கொண்டே.

"வேகமா போவும்ணே" என்றார் அப்பா.

"வாய்க்கா கரையில எங்கடா வேகமா போவப்போற?"

அப்பா குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கினார். தன் பொருட்டுத்தான் அந்தக் குழாய் வந்திருக்கிறது என்று தெரியாமல், அதைப் பொருத்துவதற்குப் பெரியப்பாவே வழி சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தது. அப்பா பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டீயும் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அது ஏதோ உபசாரம் என்று பட்டது. மாமா குமிழை இழுத்தார். பூவரச மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. அப்பா வண்டியைப் பார்க்கவே இல்லை, நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா உட்கார்ந்தே இருந்தார். காதைச் சொறிந்துகொண்டு, "என்னடா இது, கதிரடிக்கிற மிஷினு மாதிரி" என்று கத்தினார்.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி மரத்துக்குப் பின்னால் போனார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து, "ஏறுங்கண்ணே, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றார்.

"கையெல்லாம் கரி. கல்யாணத்தன்னைக்கு ஏறிக்கிறேன்டா. ஏறாம எங்க போறேன்?"

அதற்குமுன் ஒரு தடவைகூட ஏறுகிறேன் என்று அவர் சொன்னதில்லை.

ரேஸ் கார் என்று நான் வகுப்பில் விட்ட கதையெல்லாம் மூன்றே நாளில் கிழிந்தது. வேகம் ஒன்றும் கூடவில்லை, சத்தம் மட்டும் கூடியது. அப்பா வருவது அரை மைலுக்கு முன்பே தெரிந்துவிடும். "அய்யா வர்றாரா, அறுவடை மிஷினு வருதா?" என்று வயலில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். அலுவலகத்திலும் பேசியிருப்பார்கள். அப்பா எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இறக்கிவிட வேண்டாம், பாலத்தடியிலேயே நிறுத்துங்கள் என்று சொன்னேன். அப்பா ஏன் என்று கேட்காமல் நிறுத்தினார்.

இதைவிடப் பெரிய அவமானம் வேறொன்று நடந்தது. தோழிகள் இன்னும் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வந்தார்கள். அந்த வேடிக்கையை அவளுக்கும் காட்ட வேண்டுமாம். அப்பா வயலைப் பார்க்க நடந்து போயிருந்த நேரம் பார்த்து, சாவியை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். பெரியப்பா அசையவில்லை. கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினார். மறுபடி மறுபடி செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. புதிதாக வந்தவள் என்னைப் புளுகுணி என்றாள். மற்ற மூவரும் எனக்காகப் பேசவில்லை. அன்றைக்கு எனக்குப் பெரியப்பா மீதே கோபம் வந்தது.

கல்யாணம் திருவையாற்றில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேன் கொண்டுவந்து அக்காவை அழைத்துப் போனார்கள். பின்னாலேயே நாங்கள் காரில். மாமா அன்று காலைதான், பெரியப்பா வாழை இலை அறுக்கப் போயிருந்த நேரத்தில், கல்யாண வண்டி ஊமையாகப் போகக்கூடாது என்று, வாங்கியதிலிருந்து வேலை செய்யாமல் கிடந்த ஹாரனுக்கு ஒயர் மாற்றிச் சரிசெய்திருந்தார். சரிசெய்துவிட்டுச் சமையல் சாமான் ஏற்றிய வண்டியில் முன்னாலேயே போய்விட்டார். முன்சீட்டில் அப்பா, நடுவில் நான், கதவோரம் பெரியப்பா. பின்சீட்டில் அம்மாவும், பட்டுச்சேலையில் பெரியம்மாவும். பெரியப்பா ஏறும்போது செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். அப்பா இறங்கி, சுற்றி வந்து, அந்தச் செருப்பை எடுத்து அவர் காலடியில் உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வாய்க்கால் கரை முழுக்கப் பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். இந்த வயலில் மடை சரியில்லை, அந்த வயலில் நாற்று முற்றிவிட்டது என்று ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தார். ஜரிகை போட்ட புதுத்துண்டு தோளில் இருந்தது. எதிரில் வந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா இரண்டாவது கியருக்கு மேல் போடவே இல்லை, ஊர்ந்துகொண்டே போனார். அந்த நான்கு மைல்தான் அப்பாவின் இரண்டு மாதப் பட்டறை அலைச்சலுக்கும், ஊர்க் கேலிக்கும், எல்லாவற்றுக்கும் கிடைத்த பலன் என்று இன்று கணக்குத் தெரிகிறது.

மண்டபத் தெருவில் திரும்பினோம். வாசலில் சம்பந்தி வீட்டார் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக எதிர்கொண்டு அழைக்க நின்றிருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் தயாராக இருந்தார்கள். மண்டபத்துக்கு முந்தின வீட்டு நிழலில் என் தோழிகள் நால்வரும் நின்றிருந்தார்கள். நான்தான் கல்யாணத்துக்கு அழைத்திருந்தேன். புளுகுணி என்று சொன்னவள் என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

ஸ்டியரிங்கின் நடுவில் ஹாரன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏதாவது நடக்குமா என்று பார்க்கத்தான் அழுத்தினேன். கை தவறிப் படவில்லை. இரண்டு தடவை அழுத்தினேன்.

எஞ்சின் சத்தத்தை மாற்றியவர்கள் ஹாரனை மாற்றவில்லை. அது பழைய ஹாரன், பழைய குரல்.

பெரியப்பா எழுந்தார். காருக்குள் எங்கே எழுவது? தலை மேற்கூரையில் மோதியது. அதற்குள் கை கதவைத் திறந்துவிட்டிருந்தது. அப்பா பிரேக்கை மிதிப்பதற்குள் அவர் கீழே இறங்கி, ஒரு கால் மடங்கி, சமாளித்து, செருப்பில்லாமல் இரண்டு எட்டுப் பின்னால் ஓடினார். ஜரிகைத் துண்டு இடுப்பில் இருந்தது. பின்சீட்டு ஜன்னலருகே போய், முதுகை வளைத்து, உள்ளே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தா வந்துட்டேங்க."

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது பெரியம்மா.

"நான்தாங்க" என்றாள் பெரியம்மா. பிறகு, இன்னும் மெதுவாக, "நான்தான். நிமிந்து பாருங்க, நான்தான்."

தெருவில் யாரோ சிரித்தார்கள். என் தோழிகள் இல்லை, யாரோ பெரியவர்கள். சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்த சம்பந்தி பாதி வழியில் நின்றுவிட்டார். பெரியப்பா நிமிர்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "கால் மரத்துப்போச்சு சம்பந்தி, அதான் எறங்கிட்டேன். இந்தா, நடந்தே வர்றேன்" என்றார், சிரித்துக்கொண்டு.

அப்பா எஞ்சினை அணைத்தார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தார். பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பெரியம்மாவும் அம்மாவும் இறங்கிப் பின்னால் போனார்கள். நாதஸ்வரம் ஆரம்பித்தது.

மிராசுதார் வயலுக்குள் இறங்க மாட்டாராம். காரைக் கரையில் நிறுத்திவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிக்கச் சொல்வாராம். ஒரு தடவை அடித்தால் கணக்கப்பிள்ளைக்கு, இரண்டு தடவை அடித்தால் பெரியப்பாவுக்கு. எந்த வயலின் எந்த மூலையில் இருந்தாலும், முழங்கால் சேற்றிலிருந்து ஓடி வந்து ஜன்னலருகே நிற்க வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போது, வேறு ஏதோ பேச்சில் அம்மா இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அன்னைக்கு உன் கை பட்டதும் ரெண்டு தடவையாப் போச்சு பாரு, நேரம்" என்றாள். கை படவில்லை, அழுத்தினேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியப்பா அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. ஏறச் சொல்லி அப்பா கேட்கவும் இல்லை. இப்போது அவர்கள் இருவருமே இல்லை.

அன்றைக்கு அந்த நீளமான முன்சீட்டில் நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். பெரியப்பாவுக்காக அழுதேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என்னை விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்களே என்றுதான் அழுதேன். தோழிகள் ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியும் கைதட்டவில்லை. புளுகுணி என்றவள், "உங்க பெரியப்பாவுக்கு என்னடி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் போய்விட்டார்கள்.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. பெரியப்பா. நெற்றியில் சம்பந்தி வீட்டுச் சந்தனம், அதற்கு மேலே கூரை இடித்த இடத்தில் சின்னதாக வீங்கியிருந்தது.

"வா ஆயி. கேசரி ஆறிப்போவுது."

நான் நகரவில்லை. அவர் உள்ளே குனிந்து, என் கன்னத்தைத் துண்டின் ஜரிகையில்லாத முனையால் துடைத்தார்.

"கை தெரியாம பட்டுடுச்சு. அவ்வளவுதான? அப்படித்தான் அப்பாகிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றார்.

நான் தலையாட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் விரலைப் பிடித்தபடி மண்டபத்துக்குள் போனேன்.